இளஞ்சாரதியும் காப்புறுதியும்

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது, கல்லூரிக் காலத்து நினைவுகளையே எதிர்பார்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆயின், விடுதிச் சோற்றையும் கிரிக்கெட் பந்தயங்களையும் பற்றி எம்மினும் நன்கு எழுத வல்லார் பலர் உளர். ஆதலின், எம் இல்லத்தின் அமைதியை மூன்று வாரகாலம் குலைத்து வைத்த ஒரு விஷயத்தையே ஈண்டு எழுதத் துணிந்தோம். பிள்ளைகளைச் சாரதிகளாகக் காணும் பருவத்தை எய்திவிட்ட பழைய மாணவர்க்கும், அப்பருவத்தை நோக்கி விரையும் இந்நாள் மாணவர்க்கும் இது ஓரளவு பயன்படக்கூடும்.

எம் இளைய மகனுக்கு வயது 21 ஆனபோது மாத்தளையில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. எமது வீடோ ஹந்தானை மலைச்சரிவில் உள்ளது. அங்கிருந்து பட்டணத்துக்கு ஒரு பஸ், பட்டணத்திலிருந்து மாத்தளைக்கு மற்றொரு பஸ். மழைக்காலத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. தன் சேமிப்போடு தாயின் சீட்டுக் காசையும் சேர்த்து அவன் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கினான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய கார்கள், புதியனவாக வந்திறங்கிய நாளில் பெற்ற விலையினும் கூடிய விலை பெற்ற விந்தையை நாடறியும். அவ்விந்தையின் பாரம் எம் மகன் தலையிலும் விழுந்தது.

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலே தேங்காய் உடைத்து, சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கி, காருக்குப் பூசை செய்வித்தோம். பிள்ளையார் தரும் காப்புக்குக் கட்டணமில்லை. மற்றைக் காப்புக்கு விலை கேட்கப் புறப்பட்டபோதே தொல்லை தொடங்கிற்று.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, மூன்றாந் தரப்புக் காப்புறுதியேனும் இன்றி எந்த வாகனமும் வீதியில் ஓடுதல் ஆகாது. அதன் சான்றிதழைக் காட்டாமல் ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரமும் கிடையாது. இம்மூன்றாந் தரப்புக் காப்புறுதி மலிவானது. சில ஆயிரம் ரூபாவோடு முடிந்துவிடும். நம் காரினால் பிறர்க்கு நேரும் ஊறுக்கு அது பொறுப்பேற்கும். நம் கார் பள்ளத்தில் உருண்டால் ஏனென்றும் கேளாது. தன் செல்வமனைத்தையும் அக்காரிலே முடக்கிவிட்ட இளைஞனுக்கு இது போதுமா? எம் வீட்டு ஒழுங்கையை ஒரு முறை ஏறி இறங்கியவர்கள் போதாது என்றே சொல்வார்கள். ஆகவே முழுமைக் காப்புறுதியைத் தேடினோம்.

யாம் மாமனாரின் மொறிஸ் மைனரிலே வாகனம் ஓட்டப் பழகிய காலத்தில், காப்புறுதி அரச கூட்டுத்தாபனங்களின் கையில் இருந்தது. 1962இல் தோன்றிய காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 1964 முதல் பொதுக் காப்புறுதி முழுவதையும் தன்னகத்தே கொண்டிருந்தது; 1980களின் பிற்பகுதியிலேதான் தனியார் நிறுவனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இன்று தலதா வீதியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை நடந்தால் கால் வலிக்குமே ஒழியக் கந்தோர்கள் தீரா. யாமும் மகனும் ஒரு சனிக்கிழமை ஏறி இறங்கினோம். ஒரே கார், ஒரே பெறுமதி, ஒரே சாரதி. ஆயினும் மிகக் கூடிய கட்டணம் மிகக் குறைந்த கட்டணத்தின் ஒன்றரை மடங்காக இருந்தது. இரண்டு கந்தோர்களோடு திரும்பியிருந்தால் இதனை அறிந்திருக்கமாட்டோம்.

எல்லா இடங்களிலும் பொதுவாக இருந்தது ஒன்று. பல ஆண்டுகள் இழப்பீடு எதுவும் கோராத உரிமையாளருக்குக் கட்டணத்தில் பாதிக்கு மேலும் கழிவு உண்டு. இதனை நோ கிளெயிம் போனஸ் என்பர். நேற்று அனுமதிப்பத்திரம் பெற்றவனுக்கு அக்கழிவு எங்ஙனம் வரும்? அன்றியும், இளஞ்சாரதி ஓட்டுகையில் விபத்து நேரின், திருத்தச் செலவில் முதற்பகுதி ஒன்றை நாமே ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையும் சில இடங்களில் இருந்தது. எக்செஸ் என்பது அதன் பெயர். மகனுக்குக் கோபம் வந்தது. “யாரோ செய்த தவறுக்கு என்னிடம் ஏன் அறவிடுகிறார்கள், அப்பா?” என்றான். கேள்வி நியாயமானதே. எனினும், உலகில் 5 முதல் 29 வரை வயதினரின் மரணத்துக்கு முதற்காரணம் வீதி விபத்தே என உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது. காப்புறுதிக்காரன் ஆளைப் பார்ப்பதில்லை, கூட்டத்தையே பார்க்கின்றான்.

இந்நிலையில் எம்மைத் தேடி வந்தார் முகவர் ஒருவர். அவரும் எம் கல்லூரியின் பழைய மாணவரே, பெயர் வேண்டாம். “சேர், நீங்கள் உங்கள் காரை விற்றுவிட்டீர்கள், உங்கள் கழிவு சும்மா கிடக்கிறது. இந்தக் காரை உங்கள் பெயரில் எழுதுங்கள். பிரதான சாரதி யார் என்ற இடத்திலும் உங்கள் பெயரையே போடுங்கள். கட்டணம் பாதியாகிவிடும்” என்றார். இரக்கத்தோடேயே சொன்னார். யாமும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டோம் என்பதை மறைப்பானேன்? அருகிருந்த மகன், “நாளைக்கு மாத்தளைக்கு ஓட்டப்போவது நீங்களா, அப்பா?” என்றான். முகவர் முன்னிலையில் அவன் அவ்வாறு கேட்டமை எமக்குச் சினத்தை மூட்டிற்று. பேனாவை வைத்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறி அவரை அனுப்பினோம். அன்றிரவு தந்தையும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

உறக்கம் வராமையால் பழைய சட்ட நூலொன்றைப் புரட்டினோம். 1766இல் இலண்டனில், சுமாத்திராத் தீவின் மார்ல்பரோக் கோட்டைக்கு எடுத்த காப்புறுதி பற்றி ஒரு வழக்கு நடந்தது. காப்புறுதி ஒப்பந்தம் மிக்க நன்னம்பிக்கையின்மேல் நிற்பது, தான் மட்டும் அறிந்ததை ஒருவன் மறைத்தால் ஒப்பந்தம் கெடும் என்னும் நெறியை மான்ஸ்பீல்ட் பிரபு அவ்வழக்கில் நிலைநாட்டினார். அதிலே கோட்டை அதிபரின் தரப்பே வென்றது என்பது வேறு கதை. இலண்டனில் வாழும் எம் வகுப்புத் தோழர் ஒருவரோடு தொலைபேசியில் பேசியபோது, மகன் ஓட்டும் காருக்குத் தந்தையைப் பிரதான சாரதியாகக் காட்டுவதை அங்கே மோசடியாகவே கொள்வர் என்றார். ஓட்டும் விதத்தைக் கணிக்கும் சிறு கருவியைக் காரில் பொருத்தி, நிதானமாக ஓட்டும் இளைஞருக்குக் கட்டணம் குறைக்கும் வழக்கமும் அங்கே உண்டாம்.

எம்மை உண்மையில் உறுத்தியது சட்டமன்று. நாளை அக்குறணையில் ஒரு முச்சக்கரவண்டியோடு கார் மோதினால், படமெடுக்க வரும் நிறுவன அலுவலரிடம், “தினமும் அப்பாதான் ஓட்டுவார், இன்று மட்டும் நான்” என்று நடுங்கிக்கொண்டு நிற்கப்போகிறவன் மகன் அல்லவா? பொய்யை எழுதுவது யாம். அதனைச் சுமந்துகொண்டு ஓட்டுவது அவன்.

மறுநாட் காலையில் மகனையே பிரதான சாரதியாக எழுதுவதென முடிவாயிற்று. அதன்பின் நேர்மையான வழியிற் செலவைக் குறைக்க இயலுமா என ஆராய்ந்தோம். நாமே ஏற்கும் முதற்பகுதியைச் சற்று உயர்த்தச் சம்மதித்தபோது கட்டணம் குறைந்தது. காரின் பெறுமதியைக் குறைத்துக் காட்டினாலும் கட்டணம் குறையும். ஆனால் அது வேறொரு பொறி. 40 இலட்சம் பெறும் காரை 30 இலட்சமென்று எழுதி, 8 இலட்சத்துக்குச் சேதம் நேர்ந்தால், சராசரி விதி என ஒன்றைக் காட்டி 6 இலட்சமே தருவர். இறக்குமதித் தடையின்போது விலை ஏறியதை மறந்து பழைய பெறுமதியிலேயே காப்புறுதியைப் புதுப்பித்து வந்தோர்க்கு இது தெரிந்திருத்தல் நலம்.

வெள்ளத்துக்கான காப்பை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனைத் தனியாகக் கேட்டுச் சேர்க்கவேண்டும் என்றனர் ஒரு கந்தோரில். பிங்கா ஓயா பெருகினால் அக்குறணைக் கடைத்தெரு ஆறாகிவிடும். மாத்தளை வீதியோ அதனூடே செல்கின்றது. 2025 நவம்பரில் டித்வாச் சூறாவளியின்போது கண்டி மாவட்டம் பட்ட பாட்டைக் கண்டோர், இச்சிறு மேலதிகச் செலவை வீணென்று சொல்லார்.

முடிவிற் செலுத்திய தொகை மகனின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிற்று. பாதியை யாம் கடனாகக் கொடுத்தோம். கடன் என்ற சொல்லை அவனே வற்புறுத்தினான்.

இரண்டு மாதம் கழிந்து, ஒரு மழை இரவில், எம் வீட்டுக் கேற்றுத் தூணிலேயே காரை உரசிக்கொண்டு வந்து நின்றான். மலைவீதியெல்லாம் கடந்தவன் சொந்தத் தூணுக்குத் தோற்றான். மட்காட் நெளிந்துவிட்டது. நிறுவனத்துக்கு அறிவிக்கத் தொலைபேசியை எடுத்தவனைத் தடுத்து, கட்டுகஸ்தோட்டையில் டிங்கரிங் வேலை செய்யும் ஒருவரிடம் முதலிற் காட்டச் சொன்னோம். அவர் கேட்ட கூலி, நாமே ஏற்பதாக ஒப்புக்கொண்ட முதற்பகுதியினும் குறைவு. இழப்பீடு கோரியிருந்தால் கையில் ஒரு சதமும் வந்திராது. அவ்வாண்டின் கழிவும் போயிருக்கலாம். மகன் தன் பணத்திலேயே திருத்துவித்தான்.

ஆண்டு முடிவில் புதுப்பித்தல் அறிவித்தல் வந்தது. கழிவு என்ற இடத்தில் முதன்முறையாக அவன் பெயரில் ஒரு தொகை இருந்தது; பெரிய தொகை அன்று. அதனை இருமுறை வாசித்துவிட்டுத் தாயிடம் கொண்டுபோய்க் காட்டினான். மட்காட்டிலே பூசிய வர்ணம் மட்டும் பழைய வர்ணத்தோடு இன்னும் ஒத்துப்போகவில்லை. வெயிலிற் பார்த்தால் தெரியும்.