மார்கழி மூட்டத்தில் வேடந்தாங்கல்

மார்கழி மாதத்து விடியற்காலை. வானம் முழுக்க மேகம். செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் ஏரிக்கரையில், திண்டிவனம் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் தன் மகனோடு நிற்கிறார். மகன் கையில் இரவல் கேமரா.

"வெயிலே இல்லப்பா. வந்தது வீண்."

"மூட்டம் போட்டா நட்ட நாத்து வாடாம வேர் பிடிக்குது. உன் படத்துக்கு மட்டும் ஆகாதா?"

அப்பா விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் சரிதான். உச்சி வெயிலில் நத்தைகுத்தி நாரையைப் படம் எடுத்தால் அதன் வெள்ளை இறகு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடும். மூட்டத்தில் ஒளி பரவலாக விழும். ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரியும்.

ஆனால், வெளிச்சம் குறைவு என்பதால் படம் கலங்கும். கேமராவில் ஐ.எஸ்.ஓ. அளவை 800 முதல் 1,600 வரை உயர்த்த வேண்டும். ஷட்டர் வேகம், உட்கார்ந்திருக்கும் பறவைக்கு விநாடியில் 250-இல் ஒரு பங்கு போதும். பறக்கும் பறவைக்கு 1,000-இல் ஒரு பங்காவது வேண்டும். வெளுத்த வானத்தைப் பின்னணியாக வைத்தால் பறவை கருநிழலாகிவிடும். நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் பச்சையைப் பின்னணியாக வைப்பது நல்லது. செல்போனில் எடுப்பவர்கள் அதிகம் பெரிதாக்காமல், மரத்தோடும் ஏரியோடும் சேர்த்து எடுக்கலாம். தூறலுக்கு ஒரு பாலித்தீன் பையும், துடைக்க ஒரு துண்டும் அவசியம்.

அரை மணி நேரமாகியும் ஒரு நாரைகூடப் பறக்கவில்லை. பறக்க வைக்கலாம் என்று மகன் கை தட்டப் போனான். கரையில் நின்ற ஊர்ப் பெரியவர் தடுத்தார்.

"தட்டாதீங்க தம்பி. முட்டை மேல உக்காந்திருக்கு. எந்திரிச்சுதுன்னா காக்கா தூக்கிட்டுப் போயிடும்."

இந்த அக்கறை இன்று வந்ததல்ல. பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதை எதிர்த்து ஊர் மக்கள் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். அதற்குக் காரணம் அவர்கள் வயல்தான். பறவைகளின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அது கரைந்த ஏரி நீர் சுற்றுவட்டார நெல் வயல்களுக்குப் பாய்கிறது. நத்தைகுத்தி நாரைக்கோ வயல் நத்தைதான் முக்கிய உணவு. பறவை கலைந்து வேறு இடம் போனால் நஷ்டம் ஊருக்குத்தான். தீபாவளிக்குக்கூட இங்கே வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022-இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

மகன் கையை இறக்கிக்கொண்டான். சிறிது நேரத்தில் ஒரு நாரை, அலகில் சுள்ளியோடு தானாகவே வந்து கூட்டில் இறங்கியது. படம் கிடைத்துவிட்டது.

"பாத்தியா? காத்திருந்தா அதுவே வரும்" என்றார் அப்பா.

சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கி.மீ. தொலைவில் உள்ள இந்தச் சரணாலயத்துக்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் போவது நல்லது. ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஃபிளாஷ் வேண்டாம், சத்தம் வேண்டாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். நம் வயலுக்கு வரும் நாரை எந்த மரத்தில் குஞ்சு பொரிக்கிறது என்று அவர்களும் பார்க்கட்டும்.