கரிக் கங்கா, கேஸா?

மழை பிடிச்சுட்டா மும்பை செம்பூர் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில புட்டா, அதான் மக்காச்சோளம், சுடுவாங்க. விசிறியால விசிற விசிற கங்கு சிவக்கும், சோள முத்து பட்பட்னு வெடிக்கும். உப்பு, மிளகாய்த்தூள்ல தொட்ட எலுமிச்சை மூடியை மேல அழுத்தித் தேய்ச்சுக் கொடுப்பாங்க. வீட்டு கேஸ்ல சுட்டா அங்கங்க கருகுதே தவிர அந்த ருசி வரல.

கபாப்புக்கு வித்தியாசம் இன்னும் ஜாஸ்தி. நல்லா கனிஞ்ச கரிக்குன்னு பெரிய வாசம் கிடையாது. கொழுப்பு சொட்டி கங்குல விழுந்து கிளம்புற புகைதான் விஷயமே. விறகுன்னா மரத்துல இருக்கற லிக்னின் சிதைஞ்சு வர்ற வாசமும் சேரும்.

2025 ஜனவரியில பம்பாய் உயர் நீதிமன்றம், விறகு, கரி எரிக்கற பேக்கரிகளும் தந்தூர் கடைகளும் 6 மாசத்துல கேஸ் மாதிரி சுத்தமான எரிபொருளுக்கு மாறணும்னு உத்தரவு போட்டது. தாராவி சந்துல அடுப்புக்கு மேல் மாடியில குடியிருந்தா அது நியாயம்னு புரியும். கேஸ்ல வெந்த பாவ் எனக்கு ஓகே. கபாப்தான்... ம்ஹூம்.