"இங்க வேலை பார்க்க என்ன படிக்கணும்க்கா?"

பத்தாண்டுகளுக்கு முன்பு தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் பதினோரு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் சூரிய வானாய்வகத்துக்குப் போனேன். பிளஸ் ஒன் படித்த ஒரு தம்பி மட்டும் சூரியக் கரும்புள்ளிப் படத்தின் முன்னாலேயே நின்றான். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டான்: "இங்க வேலை பார்க்க என்ன படிக்கணும்க்கா?"

எனக்குத் தெரியவில்லை. சமூகவியலில் எம்.ஏ. முடித்தவள் நான். "பி.எஸ்சி. பிசிக்ஸ் படிடா, அப்புறம் பார்க்கலாம்" என்று சமாளித்தேன். அந்தப் "பார்க்கலாம்" இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த வானாய்வகம் 1899-இல் தொடங்கப்பட்டது. கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். அந்தக் காலத்தில் மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. மக்கள் ஏறிய பாதையின் பெயரே 'கூலி காட்'. வெள்ளைக்காரர்களும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளும் கூலிகளின் தோளில்தான் ஏறின. கருவிகள் மட்டும் வேறு எப்படி ஏறியிருக்கும்?

1960-இல் அங்கே இயக்குநராக வந்தவர் வைணு பாப்பு. அவருடைய அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். தொலைநோக்கியைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டுக்குப் போனார். போன ஆண்டே, 1949-இல், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1952-இல் முனைவர் பட்டம். ஊர் திரும்பி, பிறகு ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கினார். அவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "என்ன படிக்கணும்?" என்று கேட்க அவருக்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. எங்கள் தம்பிக்கு இருந்தது நான். எனக்கோ தெரியாது.

சாதி நிலத்தையும் தண்ணீரையும் மட்டும் பூட்டி வைக்கவில்லை, தோழர்களே. தகவலையும் பூட்டி வைத்திருக்கிறது. எந்தப் பேராசிரியருக்கு எழுதுவது, எப்படி எழுதுவது என்பதெல்லாம் சில வீடுகளில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. நம் வீடுகளில் அந்தப் பேச்சுக்கு ஆளில்லை.

அந்தத் தம்பி விடவில்லை. பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்தான். வெளிநாட்டில் பிஎச்.டி. என்றால் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும் என்றே இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். அது தவறு என்று தெரியவே இரண்டு வருடம் போனது. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் அறிவியல் ஆய்வு மாணவர் பெரும்பாலும் ஊழியர். வேலை ஒப்பந்தமும் மாதச் சம்பளமும் உண்டு. அமெரிக்காவிலும் அறிவியல் துறைகளில் பெரும்பாலும் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, மாத உதவித்தொகையும் தருகிறது. கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருடம் மிச்சம்.

இப்போது ஜெர்மனியில் மூன்றாம் ஆண்டு. ஞாயிறு தோறும் பேசுவான். பகலெல்லாம் கணினி முன்னால், பழைய சூரியப் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலை. அவற்றில் கொடைக்கானலில் எடுத்தவையும் உண்டு. "ஆறு மாசம் எழுதின புரோகிராம் தப்புன்னு ஆயிடுச்சுக்கா. புரொபசர் திட்டவே இல்ல. சரி, அடுத்து என்ன செய்யலாம்னு கேட்டார். எனக்குத்தான் அழுகை வந்துச்சு" என்றான். தப்பு செய்தால் சாதியைச் சொல்லித் திட்டுவார்கள் என்ற பயத்திலேயே இங்கே படித்த பிள்ளை அவன்.

அங்கேயும் சாதி இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் கூடிய ஒரு விருந்தில் விசாரித்திருக்கிறார்கள்: "திண்டுக்கல்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்?" "காப்பித் தோட்டத்துல பழம் பறிக்கிறார்" என்றிருக்கிறான். அதற்குப் பிறகு அவனை யாரும் விருந்துக்குக் கூப்பிடவில்லை. இது தனி ஒருவனின் கதை இல்லை. அதனால்தான் 2019-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022-இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தன. பாப்பு படித்த அதே ஹார்வர்டில், ஆய்வு மாணவர் சங்கம் 2021-இல் போட்ட ஒப்பந்தத்தில் சாதியையும் சேர்க்க வைத்தது. எல்லாம் நம் தோழர்கள் போராடி வாங்கியவை. எங்கே போனாலும் அங்கே இப்படி விதி உண்டா என்று முதலில் பாருங்கள்.

அரசு உதவித்தொகை பற்றியும் சொல்ல வேண்டும். 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான் அண்ணல் கொலம்பியா போனார். 1916-இல் அங்கே அவர் படித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. நம் பிள்ளைகளுக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையிலோ, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்குப் பணம் இல்லை என்று 2022-இல் விதி போட்டார்கள். அந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் அம்பேத்கரே தகுதியற்றவர். 2025 ஜூலையில், தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் போனது; மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். மறுபடியும் அதே "பார்க்கலாம்".

ஆகவே இரண்டு வேலை இருக்கிறது. உதவித்தொகைக்காகப் போராடுவது ஒன்று. அது வரும்வரை காத்திருக்காமல், தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்வது இன்னொன்று. போனவர் ஒவ்வொருவரும் தான் எழுதிய விண்ணப்பத்தை, பதில் வராத மின்னஞ்சல்களையும் சேர்த்து, பின்னால் வருகிறவர் கையில் கொடுக்க வேண்டும். தம்பி தன்னுடையதைக் கொடுத்துவிட்டான். மாதம் ஒருமுறை எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிறான்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி அவனிடம் கேட்டாள்: "அண்ணா, அங்க வர என்ன படிக்கணும்?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவன் முக்கால் மணி நேரம் பதில் சொன்னான்.

ஜெய் பீம்.