பத்துக்கு இரண்டு பெயர்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், நாச்சிமார் கோயிலடியைக் கடந்த சிறிது நேரத்திற் கொக்குவிலை அடைந்துவிடுவர். செம்மண் தோட்டங்களும், மஞ்சவனப்பதி முருகன் கோயில் மணியோசையும், ஒரு காலத்தில் தென்னிலங்கையெங்கும் விலைப்பட்ட சுருட்டும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. அவற்றோடு பஞ்சாங்கத்தையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் தோன்றிய ஊர் இதுவே. 'கொக்குவில் சோதிடப்பிரகாச யந்திரசாலை' என்னும் பெயரைப் பழைய நூல்களின் முகப்பிற் கண்டிராத தமிழாசிரியர் எம்மிடையே அரியர். நாளும் கோளும் எண்ணிப் பழகிய இந்த ஊரிலே, நாற்பது வயதைக் கடந்த நான் ஒன்று முதல் பத்து வரை மறுபடியும் எண்ணக் கற்றுக்கொண்ட கதையை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

என் தங்கையின் வீடு கொக்குவிலில் ஓர் ஒழுங்கையின் கோடியில் உள்ளது. ஒருநாள் மாலை அங்கே சென்றபோது, விறாந்தையில் இருந்தபடி மருமகன் உரத்த குரலில் எதையோ மனனஞ் செய்துகொண்டிருந்தான்.

"ஹனா, துல், செத், நெத், தாசொத், யொசொத், இல்கொப், யொதொல், அஹொப், யொல்."

தேவாரம் பாடமாக்கும் பிள்ளையைப் போலக் கண்களை மூடிக்கொண்டு சொன்னான். சற்று நிறுத்திவிட்டு வேறொரு வரிசையைத் தொடங்கினான்: "இல், இ, சம், சா, ஓ, யுக், சில், பல், கு, சிப்."

உள்ளே திரிதூண்டிக்கொண்டிருந்த அம்மம்மா, அதாவது என் தாயார், வெளியே வந்தார். "விளக்கு வைக்கிற நேரத்திலை செத்து எண்டும் சா எண்டும் சொல்லாதை, ராசா. வேறை சொல்லே இல்லையே அந்த நாட்டிலை?"

அவன் சிரித்துக்கொண்டு ஒரு செய்தி சொன்னான். 'செத்' அவர்களுக்கு மூன்று. அதில் அமங்கலம் ஏதுமில்லை. ஆனால் நான்கைக் குறிக்கும் 'சா' என்ற ஒலியே கொரியரிடத்தும் சாவைக் குறிக்கும். அதனாற் சில கட்டடங்களில் மின்தூக்கியின் நான்காம் மாடிப் பொத்தானில் எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தொன்றைப் பொறித்து வைப்பார்களாம். "அப்ப அவையளும் எங்களைப் போலை ஆக்கள்தான்" என்று அம்மம்மா ஒருவாறு சமாதானமடைந்தார். தமிழ்நாட்டில் நெல் அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்னாது 'லாபம்' என்று தொடங்கும் வழக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

தென் கொரியா வெளிநாட்டுத் தொழிலாளரை அரசு வழியாகச் சேர்த்துக்கொள்ளும் முறையை 2004 இல் ஆரம்பித்தது. அதற்கான மொழிப் பரீட்சையில் வாசித்தல், கேட்டல் என இரு பகுதிகள் உண்டு. மருமகன் முதன்முறை தோற்றியபோது சில புள்ளிகளாலே தவறிவிட்டான். வகுப்புக் கட்டணத்துக்காகத் தங்கையின் சங்கிலி அடைவு வைக்கப்பட்டிருந்தது. அவளது இளைய மகளின் படிப்பும் மழைக்கு ஒழுகும் கூரையும் இவனை நம்பியே இருந்தன. அவன் தவறிய இடமோ, எண்கள். ஒலிப்பதிவில் 'இல்' என்று காதில் விழுந்த மாத்திரத்தே ஒரு மணி என்று குறித்துவிட்டான். சொல்லப்பட்டதோ 'இல்கொப் சி', ஏழு மணி.

"மாமா, நீங்கள் பாடம் கேட்டால் எனக்குப் பயம் தெளியும்" என்றான். எனக்குக் கொரிய மொழி தெரியாது. ஆயினும் பாடம் கேட்பதே இருபது ஆண்டுகளாக என் தொழில். வாரத்தில் மூன்று மாலைகள் அவன் கொப்பியை வாங்கிக்கொண்டு எதிரே அமர்ந்தேன்.

கொரியரிடம் எண்கள் இரண்டு வரிசையாக உள்ளன. ஹனா, துல் என்பது அந்நாட்டின் சொந்த வரிசை. இல், இ என்பது சீனத்திலிருந்து வந்தது. பணம், தேதி, மாடி, நிமிடம் ஆகியவற்றுக்குச் சீன வரிசை. ஆளையும் பொருளையும் வயதையும் மணியையும் எண்ணச் சொந்த வரிசை. பத்து மணி பத்து நிமிடம் என்பதை 'யொல் சி சிப் புன்' என்பர். ஒரே மூச்சில் ஒரே பத்து இரண்டு பெயர் பூண்டு வருகின்றது! இது வீண் சுமை என்றே எனக்குத் தோன்றிற்று. அவனிடம் அவ்வாறே சொல்லியும்விட்டேன்.

அன்றிரவு அம்மம்மா கேட்டார்: "தம்பி, உந்தப் பஞ்சாங்கத்தைப் பார், ஏகாதசி எப்ப?"

பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தவன் சிறிது திகைத்து நின்றேன். பிரதமை, துவிதியை, திருதியை, சதுர்த்தி, பஞ்சமி, சட்டி, சத்தமி, அட்டமி, நவமி, தசமி: இவையெல்லாம் எண்கள் அன்றோ? மாம்பழத்தை எண்ண ஒன்று, இரண்டு. திதியை எண்ண வடமொழி வரிசை. ஆறு முட்டை என்போம். கந்த சட்டி என்போம். 'ஏகாதசி' என்று கேட்ட அம்மம்மா அதனைப் 'பதினொன்று' என்று ஒருநாளும் எண்ணியிருக்கமாட்டார். இரண்டு வரிசைகளை நாமும் எம்மையறியாமலே பிறந்தது முதல் ஆண்டுகொண்டிருக்கின்றோம். மறுநாள் மருமகனிடம் என் பேச்சை மீளப் பெற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து அவனுக்கும் விளக்கம் எளிதாயிற்று. "மணியெண்டால் மாம்பழக் கணக்கு, நிமிடமெண்டால் திதிக் கணக்கு" என்று தானே ஒரு சூத்திரம் செய்துகொண்டான்.

சொந்த வரிசையில் வேறொரு நுட்பமும் உண்டு. பொருளோடு சேரும்போது ஹனா 'ஹன்' ஆகும். துல் 'து', செத் 'சே', நெத் 'நே' எனக் குறுகும். ஒன்று 'ஒரு' ஆவதும் இரண்டு 'இரு' ஆவதும் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதாகுமா? அதனோடு, எண்ணப்படுவதற்கேற்ப ஓர் ஒட்டும் வேண்டும்: மனிதருக்கு 'மியொங்', பொருளுக்குக் 'கெ', புத்தகத்துக்குக் 'குவொன்', விலங்குக்கும் பறவைக்கும் 'மரி'. மூவர், நால்வர் என ஆட்களை வேறாகவும், சீப்பு, குலை என வாழைப்பழத்தை வேறாகவும் எண்ணும் நமக்கு அதுவும் அந்நியமன்று. முற்றத்துக் கோழிகளைக் காட்டி எண்ணச் சொன்னேன். "ஹன் மரி, து மரி, சே மரி" என்றான். "கோழியை மறி எண்டு எண்ணுறானே, ஆடு எண்டாலும் பரவாயில்லை" என்று அம்மம்மா சிரித்தார்.

பத்துகளே மிகக் கடினம். ஸுமுல் இருபது, சொருன் முப்பது, மஹுன் நாற்பது, சுவின் ஐம்பது. பின்னர் யெசுன், இல்ஹுன், யொதுன், அஹுன். நாற்பது நான்கோடு ஒட்டி நிற்பது போல் மஹுன் நெத்தோடு ஒட்டுவதில்லை. தொண்ணூற்றொன்பதோடு சொந்த வரிசை முடிந்துவிடும். நூறுக்கு 'ஒன்' என்ற பழஞ்சொல் இருந்து வழக்கிழந்தது. இன்று சீனத்துப் 'பெக்'தான். நாமும் நூறைக் காத்துக்கொண்டோமே தவிர, இலட்சத்தையும் கோடியையும் வடமொழியிலிருந்தே பெற்றோம்.

கொரியமும் தமிழும் உறவுமொழிகள் என்பாரும் உளர். ஹல்பெர்ட் என்ற அமெரிக்கர் 1905 இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணம் வெளியிட்டார். புல் அங்கும் 'புல்', நாள் அங்கும் 'நல்', தந்தை 'அப்பா'. கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆனால் ஹனா, துல், செத் என்று பத்து வரை சொல்லிப் பார்த்தால் நமது எண்களோடு ஒன்றேனும் ஒத்து வரவில்லை. மொழிநூலாரும் இவ்வுறவை ஏற்றுக்கொள்வதில்லை. ஒலியொற்றுமை மனனஞ் செய்ய உதவும். அதற்கு மேல் அதை நம்புதல் தகாது என்பதே என் எண்ணம்.

யாழ்ப்பாணத்தார் பிழைப்புக்காகப் பிறமொழி எண்ணைக் கற்பது இது முதன்முறையன்று. அம்மம்மாவின் தகப்பனார் மலாயாவிற் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தவர். 'சாத்து, துவா, தீகா' என்று அவர் எண்ணிக் காட்டியது அம்மம்மாவுக்கு இன்றும் நினைவிருக்கின்றது. அவர் திரும்பி வந்தார். ஊரிற் கல்வீடு கட்டினார். திரும்பாதவர்களையும் அம்மம்மா அறிவார். அவர்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

இரண்டாம் முறை பரீட்சைக்காகக் கொழும்புக்குப் புறப்பட்ட மாலை, மருமகன் அம்மம்மாவின் காலில் விழுந்து எழுந்தான். திருநீறு பூசியபடியே அவர் கேட்டார்: "என்ரை வயசை அவையின்ரை பாசையிலை எப்பிடிச் சொல்லுவாய்?"

"யொதுன் து சல். எண்பத்திரண்டு."

"எண்பத்திரண்டு முடிஞ்சுது. நடக்கிறது எண்பத்துமூண்டு."

கொரியரும் பிறந்த குழந்தைக்கு ஒரு வயது என்று கொண்டு, ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூட்டி எண்ணி வந்தவர்களே. 2023 ஜூன் மாதத்திலிருந்துதான் அரச கருமங்களில் முடிந்த வயதையே கொள்வதெனச் சட்டம் வந்தது. இதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் திருத்திக்கொண்டான்.

"யொதுன் சே சல், அம்மம்மா."

'செத்' என்பது 'சே' எனக் குறுகியதை அவன் மறக்கவில்லை. தங்கை பயணப்பையை எடுத்துக் கொடுத்தாள். படலையைச் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் புகையிரத நிலையத்தை நோக்கி நடந்தோம்.