டூயட்டைக் கிண்டலடித்த மாணவனும் கைதட்டிய எம்.ஜி.ஆரும்

செக்காலைக்காரர்களுக்கு அழகப்பா கல்லூரி ஒன்றும் தூரமில்லை. நடந்தே போய்விடலாம். வள்ளல் அழகப்பர் 1947-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு 1958-ல் எம்.ஜி.ஆர் வந்தார். அவரே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த 'நாடோடி மன்னன்' வெளியான வருஷம் அது. அப்படிப்பட்டவர் ஊருக்கு வந்தால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா?

அவர் முன்னால் பேச மூன்று மாணவர்களுக்கு வாய்ப்பு, ஆளுக்கு மூன்று நிமிடம். முதல் இருவரையும் பேச விடாமல் கூட்டம் கத்தித் தீர்த்துவிட்டது. எம்.ஜி.ஆரைப் பார்க்க வந்தவர்கள் இன்னொரு மாணவன் பேச்சையா கேட்பார்கள்? மூன்றாவதாக எழுந்தவர் இளையான்குடிப் பையன் அலெக்சாண்டர். பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார்.

அவர் புகழ்மாலை பாடவில்லை. கல்லூரியில் ஒருவன் ஒரு பெண்ணைக் காதலித்தால் ஊருக்கே தெரிந்துவிடுகிறது, ஆயிரம் கட்டுப்பாடு வருகிறது. இவரோ படத்துக்குப் படம் தெருவில் ஓடி ஓடி டூயட் பாடுகிறார், ஒருத்தரும் ஏன் என்று கேட்பதில்லை என்று ஆரம்பித்தார். அரங்கம் அதிர்ந்தது. எம்.ஜி.ஆரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நிமிடக் கணக்கை யார் பார்த்தார்கள்? தமிழ் சினிமா வாழ்க்கையை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார் அந்த மாணவர்.

அவர் கிண்டலடித்தது எதிரே உட்கார்ந்திருந்தவரின் பிழைப்பையே. முகம் சுளித்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். எம்.ஜி.ஆர் பாராட்டினார். நல்ல விமர்சகராக வரத் தகுந்தவர் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். பெரிய மனது என்பதைவிட, அந்தப் பேச்சில் உண்மை இருந்ததை அவர் அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது.

சட்டம் படிக்கச் சென்னை போன அலெக்சாண்டர், பணமில்லாமல் சில மாதங்களிலேயே ஊர் திரும்பப் பெட்டியைக் கட்டினார். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பட்டவரும் ஒரு காரைக்குடிக்காரர்தான்! அவர் மூலம் 'இனமுழக்கம்' பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதும் வேலை கிடைத்தது. பிறகு ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் எம்.ஜி.ஆர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுக்கு வரச் சொல்லி, கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதும் வேலையைக் கொடுத்தார். வறுமை தெரிந்ததும் மாதாமாதம் பணமும் கொடுத்தார். எம்.ஜி.ஆர் ஆசைப்பட்ட அந்தப் படம் மட்டும் அவர் காலத்தில் வரவேயில்லை. மணிரத்னம் எடுத்துத் திரைக்கு வர 2022 ஆனது.

அந்த மாணவர்தான் இயக்குநர் மகேந்திரன். 'தங்கப்பதக்கம்' மாதிரி வசனம் தெறிக்கிற படங்களுக்கு எழுதிப் பேர் வாங்கியவர். ஆனால் அந்த மாதிரிப் படங்களில் அவருக்கே மனம் ஒட்டவில்லை. 1978-ல் முதன்முதலாக இயக்க வாய்ப்பு வந்தபோது, உமாசந்திரனின் நாவலை எடுத்துக்கொண்டு 'முள்ளும் மலரும்' செய்தார். ரஜினிகாந்த் நாயகன், பாலுமகேந்திரா ஒளிப்பதிவு. வசனம் குறைவு. நாயகனும் நாயகியும் தெருவில் ஓடிப்பிடித்துப் பாடும் டூயட் கிடையாது.

காரைக்குடி மேடையில் பேசி இருபது வருஷம் ஆகியிருந்தது. படம் வெளியானபோது, அன்று எதிரே உட்கார்ந்து சிரித்தவர் தமிழ்நாட்டின் முதலமைச்சர்.