என் தலையெழுத்து!

வியாதி என்று ஒன்று வந்தால் அதற்கு ஒரு பெயராவது இருக்க வேண்டும், சகோதரிகளே! சர்க்கரை என்றால் சர்க்கரை, பிரஷர் என்றால் பிரஷர். கேட்கிறவர்களுக்கும் சட்டென்று புரியும். "ஐயோ, காபிக்குச் சீனி போடலாமா?" என்று அனுதாபமாக விசாரிப்பார்கள். பெயர் இல்லாத வியாதி வந்தவள் பாடுதான் திண்டாட்டம். மூன்று வருஷமாக நான் அந்த ரகத்தில் சேர்ந்திருக்கிறேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறோம். தலையில், முடிக்கு அடியில், மிளகு அளவில் சிலதும் கொண்டைக்கடலை அளவில் சிலதுமாகத் தடிப்புகள். முதலில் உச்சியில் இரண்டு வந்தன. கொசு கடித்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு பிடரியில் மூன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. அந்த வருஷம் பொங்கலுக்குள் விரலால் தடவி எண்ணினால் பதினான்கு!

வலித்தால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இது அரிப்பு. பகலில் வேலை மும்முரத்தில் ஒருமாதிரி ஓடிவிடும். ஆனாலும் மிளகாய் அரைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உச்சியில் குறுகுறு என்று கிளம்பும். அந்தக் கையால் தலையைத் தொட முடியுமா? மணிக்கட்டால் தேய்த்துக்கொண்டு நிற்பேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட்கவே வேண்டாம். வீடு முழுக்கத் தூங்கும். நான் மட்டும் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருப்பேன். விடிந்து பார்த்தால் தலையணை உறையில் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

சும்மா இருக்குமா சொந்தபந்தம்? ஆளுக்கொரு வைத்தியம். "பேனாத்தான் இருக்கும்" என்றாள் அடுத்த வீட்டு அக்கா. என் மாமியார் - அத்தை என்றுதான் கூப்பிடுவேன் - எண்பது வயதிலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஈர்கோலியும் கையுமாக இரண்டு நாள் என் தலையை அலசினார்கள். பேனும் இல்லை, ஈரும் இல்லை. "பொடுகு" என்றாள் நாத்தனார். தயிரும் எலுமிச்சையும் வந்தன. சொறிந்து புண்ணான இடத்தில் எலுமிச்சை பட்டால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை! "சூடு" என்றார் சித்தப்பா, நல்லெண்ணெய் வந்தது. வேப்பெண்ணெய் வந்தது, சின்ன வெங்காயச் சாறு வந்தது. "அக்கியா இருந்தா வேளார் வீட்டுல போய் எழுதிட்டு வந்திரலாமே" என்றார் ஒரு பெரியவர். அத்தை சங்கரன்கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் கொண்டுவந்து தந்தார்கள். நெற்றியில் இட்டுக்கொண்டேன். கோமதி அம்மன் மேல் பாரத்தைப் போட்டதில் மனசு கொஞ்சம் லேசாயிற்று. தடிப்பு மட்டும் அப்படியேதான் இருந்தது.

அரிப்பைவிட அதிகமாக அரித்தது ஜனங்களுடைய பார்வைதான். ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது என்னையறியாமல் கை பிடரிக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் நைசாக எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். அது போகட்டும், வெளியார். என் மருமகள் விஷயம்தான் மனசைக் குடைந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வயதுப் பேத்தி ராத்திரி என்னோடுதான் படுப்பாள். கதை கேட்காமல் தூங்க மாட்டாள். ஒருநாள் பார்க்கிறேன், குழந்தையின் தலையணை, சீப்பு, துண்டு எல்லாம் மருமகள் அறைக்குப் போயிருந்தன. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இது தொத்துமா தொத்தாதா என்று எனக்கே தெரியாதபோது, பெற்றவள் பயப்படமாட்டாளா? ஆனாலும் அன்றைக்கு ராத்திரி அரிப்பினால் மட்டும் நான் விழித்திருக்கவில்லை.

டாக்டரிடம் போகாமல் இல்லை. முதலில் பார்த்தவர் அலர்ஜி மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, அரிப்பு போகவில்லை. இரண்டாவது டாக்டர் தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வயசாகுதுல்லம்மா, மனசுல டென்ஷன். யோகா பண்ணுங்க" என்று மூன்றே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். தூங்காத பெண்ணுக்கு டென்ஷன் வராமல் வேறென்ன வரும்?

மூன்றாவதாகப் போனது ஒரு தோல் டாக்டரம்மாவிடம். துணைக்கு யார் வந்தது தெரியுமா? என் மருமகள்! "நானும் வாரேன் அத்தை. எனக்கும் கேட்கணும்" என்றாள். அந்த டாக்டரம்மா முதலில் கேள்வியாகக் கேட்டார். எத்தனை நாளாக? வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா? தலைக்கு டை போடுவீர்களா? என்ன எண்ணெய், என்ன ஷாம்பு? நாய், பூனை உண்டா? பிறகு வெளிச்சம் உள்ள ஒரு பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு தடிப்பாகப் பார்த்தார்.

அன்றைக்கு அவர் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்குப் புதிது. நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி உண்டாம். ஒவ்வொன்றுக்கும் வேர்ப்பை ஒன்று, அதோடு ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பி ஒன்று. அந்தப் பையில் கிருமி புகுந்தாலோ, கிருமியே இல்லாமல் அழற்சி வந்தாலோ இப்படித் தடிப்பு வரலாமாம். மலாசீசியா என்று ஒருவகைப் பூஞ்சை எல்லோர் தலையிலும் குடியிருக்கிறது. அதற்கு ஆகாரமே எண்ணெய்ப் பசைதான். சிலருக்கு அதனால் பொடுகும் அரிப்பும் வரும். அவர்களுக்கு எண்ணெயைத் தேய்த்து ஊறவைத்தால் தொந்தரவு கூடத்தான் செய்யும். தலைச்சாயத்தில் பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லும் ரசாயனம் இருக்கிறது. வருஷக்கணக்காக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாமாம். அரிப்பே இல்லாமல், வழவழவென்று உருண்டையாக இருந்தால் அது பெரும்பாலும் கொழுப்புக்கட்டி மாதிரியான நீர்க்கட்டி. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். "தலையில கட்டின்னா ஒண்ணு இல்லம்மா, பத்து இருக்கு. ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும்" என்றார்.

கழித்தோம். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட அரிப்பு என்பார்களாம். அப்போது தோலை மட்டும் பார்த்தால் போதாது. சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத்தில் இரும்புச்சத்து எல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு இரும்புச்சத்து மட்டும் கொஞ்சம் குறைவு. டை ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாக மருந்து ஒட்டினார்கள். 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது; எடுத்த பிறகு இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் முதுகு நனையாமல் இருந்து பாருங்கள், தெரியும்! அதிலும் ஒன்றும் இல்லை.

கடைசியில் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, நாலு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு தடிப்பைக் குடைந்து எடுத்து, இரண்டு தையல் போட்டார்கள். வலி பெரிதில்லை. ரிசல்ட் வரும்வரை இருந்த பத்து நாள்தான் வலி. 'பயாப்ஸி' என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்கெல்லாம் அடுத்த வார்த்தை என்ன தோன்றும் என்று உங்களுக்குத் தெரியும். பீரோ சாவி எங்கே, சீட்டுப் பணம் யாரிடம் என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ரிசல்ட் வந்தது. புற்று இல்லை, காசம் இல்லை, பூஞ்சை இல்லை. முடிவேரைச் சுற்றி அழற்சி. அதற்கு மேல் சொறிந்து சொறிந்து தோல் தடித்திருக்கிறது. "சரி டாக்டர், எதனால வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இடியோபதிக்" என்றார். எவ்வளவு கம்பீரமான பெயர்! "அப்படின்னா?" என்றேன். "எதனால வந்துச்சுன்னு தெரியலைன்னு அர்த்தம்மா."

மருமகள் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "குழந்தைக்கு ஒட்டிக்குமா டாக்டர்?" "ஒட்டாது. தாராளமா பாட்டிகூடப் படுக்கலாம்." அன்று மாலையே குழந்தையின் தலையணை என் கட்டிலுக்குத் திரும்பி வந்துவிட்டது. அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அரிப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வலியின் தங்கச்சிதான் அரிப்பு என்று ரொம்ப நாள் டாக்டர்களே நினைத்திருந்தார்களாம். மனிதத் தோலில் அரிப்பைச் சொல்வதற்கென்றே தனி நரம்பிழைகள் உண்டு என்று 1997-ல்தான் கண்டுபிடித்தார்கள். சொறிந்தால் அந்த நேரத்துக்குச் சுகம். ஆனால் சொறியச் சொறியத் தோல் தடிக்கிறது, தடித்த தோல் இன்னும் அரிக்கிறது, மறுபடி சொறிகிறோம். செக்குமாடு மாதிரி ஒரே சுற்று! சிலருக்கு இது முற்றிப் போய்க் கை, கால், முதுகெல்லாம் கெட்டி முடிச்சுகளாக வந்துவிடும். அதற்கு ப்ரூரிகோ நோடுலாரிஸ் என்று 1909-ல் பெயர் வைத்தார்கள். பலருக்கு நடு முதுகில் மட்டும் முடிச்சு இருக்காதாம். ஏன் தெரியுமா? கை எட்டாதே! அந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் ஒரு ஊசி மருந்துக்கு முதல்முதலாக அனுமதி கிடைத்தது 2022-ல்தான். ஆகவே, "சொறியாம இருந்தா போதுமே" என்று லேசாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பதில் சொல்லத் தோன்றுவதில்லை. ஒரு ராத்திரி என்னோடு இருந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

மாத்திரையும், தலையில் விடும் மருந்துத் தண்ணீரும், வாரம் இரண்டு தடவை மருந்து ஷாம்புவும் ஆரம்பித்தோம். இங்கேதான் என் கூந்தல் குறுக்கே வந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி எனக்கு. பெண் பார்க்க வந்தபோதே அதைத்தான் பேசினார்களாம். மருந்து வேருக்குப் போய்ச் சேராது; குளித்தால் அரைநாள் காயாது; ஈரத்தோடு கொண்டை போட்டால் உள்ளே வேக்காடு. வெட்டியே தீர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நானேதான் ஒரு மாதம் யோசித்துத் தீர்மானித்தேன், தோள் வரைக்கும் வெட்டிவிடலாம் என்று. ஆனால் சுமங்கலி முடியில் கத்தரி வைக்கிறதா? அத்தையிடம் எப்படிச் சொல்வது?

தயங்கித் தயங்கிச் சொன்னேன். அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்கள். "ஏட்டி, முடி வளரும். ரெண்டு வருசமா ராத்திரி முழிச்சிக் கெடக்கியே, அந்த உறக்கத்த எவ திருப்பித் தருவா? போய் வெட்டிட்டு வா" என்றார்கள். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். இரண்டு முழத்துக்குப் பதில் ஒரு முழம்!

இப்போது தடிப்பு ஐந்தாறுதான். சில மாதம் இரண்டாகக் குறையும், சில மாதம் ஏழாகும். முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூங்குகிறேன்.

எனக்கு ஒத்துக்கொண்டதைச் சொல்கிறேன். நகத்தை வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுகிறேன். அரிக்கும்போது சொறியாமல், ஈரத்துணியைக் குளிரவைத்து அந்த இடத்தில் அழுத்திக்கொள்கிறேன். வெந்நீர் தலைக்கு இல்லை, வெதுவெதுப்புதான். மருந்து ஷாம்புவைப் போட்ட உடனே கழுவாமல் ஐந்து நிமிஷம் விடுகிறேன். அப்போதுதான் வேலை செய்யும். தலையணை உறையை அடிக்கடி மாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மருமகள் என் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் போன் காமிராவில் படம் எடுத்துவைக்கிறாள். அடுத்த தடவை டாக்டரிடம் "கூடியிருக்கு", "குறைஞ்சிருக்கு" என்று வாயால் அளக்க வேண்டாம், படமே பேசும்.

உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால், கடையில் தானாகக் கேட்டு வாங்கும் களிம்பைத் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதலில் குறைவதுபோல் காட்டிப் பிறகு தோலைக் கெடுத்துவிடும். கட்டி வேகமாகப் பெரிதானால், ஆறாத புண்ணானால், ரத்தமோ சீழோ வந்தால், காய்ச்சல் வந்தால், அந்த இடத்தில் முடி கொட்டி வழவழப்பாகிவிட்டால், கழுத்தில் நெறி கட்டினால் தாமதிக்காமல் தோல் டாக்டரைப் பாருங்கள். தழும்பாகிப் போன இடத்தில் முடி மறுபடி முளைக்காது. ஒரு டாக்டர் மூன்று நிமிஷத்தில் அனுப்பிவிட்டால் இன்னொருவரிடம் போங்கள். எப்போது அரிக்கிறது, எதைச் சாப்பிட்டீர்கள், எதைத் தேய்த்தீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

வீட்டில் இப்படி ஒருத்தி இருந்தால் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயமாக இருந்தால் அவளோடு கூடப் போய் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள், என் மருமகள் கேட்ட மாதிரி. காரணம் தெரியாத வியாதியோடு எப்படியோ காலம் தள்ளிவிடலாம். தனியாகத் தள்ளுவதுதான் கஷ்டம்.