ஒரு ‘கிளிக்’குக்காக 150 கிலோமீட்டர்!

உங்கள் வீட்டுப் பரணைக் கடைசியாக எப்போது எட்டிப் பார்த்தீங்க?

எங்கள் பெரம்பூர் வீட்டுப் பரணில் ஓட்டை அண்டா, நாலு ஊறுகாய் ஜாடி, அக்காவின் ஒடிந்த வீணை... இத்தனைக்கும் பின்னால் ஒரு சைக்கிள் ஒருக்களித்துப் படுத்திருந்தது. வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள் என்பதால் எல்லாவற்றையும் இறக்கினோம். காயலான் கடைக்காரர் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, “பதினாலு கிலோ வரும் சார். இரும்பு ரேட்டுதான்” என்றார். அப்பா தலையாட்டினார். நான் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடைசியில் அப்பா இறங்கி வந்தார். “போகி வரைக்கும் டைம். அதுக்குள்ள ஓடணும். இல்லேன்னா எடைக்குத்தான்.”

அது சித்தப்பாவின் சைக்கிள். கப்பலில் வேலை பார்த்தவர். 1989-ல் சிங்கப்பூரில் முதல் சம்பளத்தில் வாங்கி, கப்பலிலேயே கொண்டுவந்தது. அந்தக் காலத்துப் பெரம்பூரில் கியர் வைத்த மவுன்டன் பைக் என்றால் தெருவே கூடிப் பார்த்ததாம். பத்து வருஷம் ஓட்டியிருக்கிறார். வலது கை கியர் லீவர் உடைந்ததும் பரணேறிவிட்டது. இப்போது அவர் தூத்துக்குடியில். போனில் சொன்னதும் சிரித்தார். “அந்த லீவர் கிடைக்கவே கிடைக்காதுடா. நான் அப்பவே மெட்ராஸ் பூரா தேடிட்டேன்.”

பொங்கலுக்கு வருவேன் என்று வேறு சொன்னார். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிற ஒருத்தனிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? கிளம்பிவிட்டேன்.

முதல் வேலை, வயசைக் கண்டுபிடிப்பது. ஸ்டிக்கர் எல்லாம் உரிந்துபோயிருந்தது. ஆனால் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் செயினைத் தள்ளிவிடும் டிரெயிலர் இருக்கு பாருங்க, அதன் முதுகில் இரண்டு ஆங்கில எழுத்துகள்: எம், ஜே. அந்தக் காலத்து ஷிமானோ பாகங்களில் முதல் எழுத்து வருஷம், இரண்டாவது மாதம். 1976-க்கு ‘ஏ’ என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்தால் ‘எம்’ 1988. ‘ஜே’ பத்தாவது எழுத்து, அதாவது அக்டோபர். ஆக, அக்டோபர் 1988-ல் பிறந்த டிரெயிலர். என்னைவிட மூத்தது. அன்றிலிருந்து மரியாதையாகத்தான் தொட்டேன்.

பிரிக்கும்போதுதான் படம் காட்டியது. பெடல் அச்சு உட்காருகிற பாட்டம் பிராக்கெட்டில் இரண்டு பக்கமும் கப் இருக்கும். வலது பக்கக் கப்புக்கு மட்டும் மரை தலைகீழ். அது தெரியாமல் ஒரு மணி நேரம் எதிர்ப்பக்கம் முறுக்கி இறுக்கிக்கொண்டிருந்தேன். “மரை கழண்டது சைக்கிளுக்கா, உனக்கா?” என்று அப்பா கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்து சீட் போஸ்ட். அலுமினியக் குழாய், இரும்பு ஃபிரேமுக்குள். இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவில் உப்புக் காற்றின் ஈரம். கெமிஸ்ட்ரி லேபில் பேட்டரி என்று படித்தது இங்கே பசை ஆகியிருந்தது. கால்வானிக் அரிப்பு! அலுமினியம் அரித்து, அந்த ஆக்சைடு உப்பி, குழாயை உள்ளேயே கவ்விக்கொண்டது. எண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன், சுத்தியலால் தட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் அறுத்து, துண்டு துண்டாக எடுத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலி.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை, ரத்தன் பஜார்.

சென்ட்ரலில் இறங்கி ஈவ்னிங் பஜார் வழியாக நடந்தாலே போதும். கூட்டத்தில் மிதிபட்டுக்கொண்டே போனால் டயர் மாலை தொங்கும் கடைகள் வந்துவிடும். நீங்களும் போவதாக இருந்தால் ஒரே ஒரு அட்வைஸ்: பையில் வெர்னியர் வைத்துக்கொள்ளுங்கள். “பெரிய சைஸ் அண்ணே, இவ்ளோ இருக்கும்” என்று விரலால் காட்டினால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். “இருபத்தாறு புள்ளி எட்டு எம்.எம்.” என்றால் ஸ்டூல் போடுவார்கள்.

நான் பயந்தது ஒன்று, நடந்தது வேறு. 1988 ஜப்பான் சாமான், எதுவும் கிடைக்காது என்று நினைத்தேன். பால்ரஸ்? ஹேண்டில் பாருக்கு 5/32 அங்குலம், முன் ஹப்புக்கு 3/16, பின் ஹப்புக்கும் பாட்டம் பிராக்கெட்டுக்கும் 1/4. பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார் கடைக்கார பாய். ஏழு பல்சக்கர ஃப்ரீவீல்? நம் ஊர் விலை குறைந்த கியர் சைக்கிள்களில் இன்னும் அதேதான் போடுகிறார்கள், அதே மரை. செயினும் அப்படியே. “ஓவராயில் பண்றியா தம்பி? நல்லா பண்ணு” என்றார் பாய். (ஓவர்ஹால் என்கிற ஆங்கில வார்த்தை நம் சைக்கிள் கடைகளில் ‘ஓவராயில்’ ஆனதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கிரீஸில் முழங்கை வரை முங்கினவனுக்குத்தான் அதன் பொருத்தம் தெரியும்!)

டயர் கேட்டபோதுதான் எனக்கு லேசாகப் புல்லரித்தது. பாய் எடுத்துப்போட்டதில் 26 × 2.125 என்று அச்சடித்திருந்தது. இந்த நம்பருக்கு ஒரு கதை இருக்கு மக்களே. 1933-ல் அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனி, பையன்கள் ஓட்டும் சைக்கிளுக்காகக் கொண்டுவந்த குண்டு டயர் அளவு இது. நாற்பது வருஷம் கழித்து கலிஃபோர்னியாவில் டமல்பாயஸ் மலைப் பக்கம் இருந்த இளைஞர்கள், பழைய ஷ்வின் எக்செல்சியர் ஃபிரேம்களைக் குப்பையிலும் பழைய சாமான் கடையிலும் தேடிப் பிடித்தார்கள். இந்தக் குண்டு டயரோடு மலைச்சரிவில் விட்டார்கள். கியர் கிடையாது, பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக் மட்டும். இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் இருக்கிற கிரீஸ் புகையாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர். அங்கே முதல் பந்தயம் 21 அக்டோபர் 1976-ல் நடந்தது. அடுத்த வருஷம் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே புது ஃபிரேம் செய்தார். 1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் ‘மவுன்டன் பைக்ஸ்’ என்று கம்பெனியே தொடங்கினார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் ஃபேக்டரியில் கும்பலாகத் தயாராகி வந்தது. அந்த வரிசையில் வந்ததுதான் சித்தப்பாவின் சைக்கிள். முதல் மவுன்டன் பைக்கே காயலான் கடை வேட்டையில் பிறந்ததுதான் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அசரவில்லை.

ஆனால் சீட் போஸ்ட் விஷயத்தில் ரத்தன் பஜார் கையை விரித்துவிட்டது. இந்தக் குழாய்களில் 26.4, 26.6, 26.8 என்று 0.2 மில்லிமீட்டருக்கு ஒரு சைஸ்! யோசித்துப் பாருங்க, இரண்டு தாளின் கனம்தான் வித்தியாசம். ஒரு சைஸ் குறைந்தால் சீட் ஆடும், கூடினால் இறங்காது. நமக்கு வேண்டியது 26.8. கிடைத்தது 27.2.

எழும்பூர் பக்கம் புதுப்பேட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூவம் ஓரம், பிரித்துப் போட்ட கார், பைக்கின் கை கால் எல்லாம் கிடைக்கும் இடம். அங்கே ஒரு லேத் அண்ணனிடம் குழாயைக் கொடுத்து, “0.4 எடுக்கணும்ண்ணே” என்றேன். அவர் என் வெர்னியரை வாங்கி, தன் வெர்னியரோடு ஒப்பிட்டு, “உன்னுது பொய் சொல்லுது” என்று திருப்பிக் கொடுத்தார். பத்து நிமிஷம்தான். குழாய் ஃபிரேமுக்குள் இறங்கியபோது ‘ஸ்ஸ்’ என்று காற்று வெளியேறுகிற சத்தம் வந்தது. எங்கள் லேப் எக்ஸாமில் நான் செய்த எதுவும் இப்படிச் சத்தம் போட்டதில்லை.

மிச்சம் இரண்டு. பிரேக் கட்டையும், அந்த லீவரும்.

இந்த சைக்கிளின் பிரேக் கான்டிலீவர் ரகம். கட்டையின் காம்பு மரையில்லாமல் வழவழவென்று இருக்க வேண்டும். இப்போது கடைகளில் வருவதெல்லாம் மரை வைத்த காம்பு. லீவர் கதை இன்னும் மோசம். ஹேண்டில் பாருக்கு மேலே கட்டைவிரலால் தள்ளுகிற லீவர் அது. முன்னெல்லாம் கியர் மாற்றுவது, ரேடியோவில் இலங்கை வானொலி பிடிக்கிற மாதிரி, லேசாகத் தள்ளித் தள்ளி உணர்ந்து பிடிக்க வேண்டும். 1984-ல் ஷிமானோ ஒவ்வொரு கியருக்கும் ஒரு ‘கிளிக்’ வைத்துவிட்டது. ஏழு கியருக்கு ஆறு கிளிக். மவுன்டன் பைக்கில் இந்தக் கட்டைவிரல் லீவர் கொஞ்ச காலம்தான் ராஜா. 1990-களில் பாருக்கு அடியில் இருக்கும் லீவர் வந்து இதை ஓரங்கட்டிவிட்டது.

ஜப்பானிலிருந்து வரவழைக்கலாம். கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்தால் எங்கள் ஹாஸ்டல் நண்பனின் இரண்டு மாத மெஸ் பில். பாய் ஒரு பிளாஸ்டிக் முறுக்கு ஷிஃப்டரை எடுத்து நீட்டினார். “இதுவும் ஏழு கியர்தான். ஓடுமா, ஓடாதா?” ஓடும். அதுதான் பிரச்னையே. போகிக்குப் பதினோரு நாள் இருந்தது. அப்பா கேட்டது ‘ஓடணும்’ என்று மட்டும்தான். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு பாயே சொன்னார்: “மனசு கேக்கலேன்னா ஆரோவில் பக்கம் போய்ப் பாரு. வெள்ளைக்காரங்க ஓட்டிப் போட்ட சாமான் அங்கதான் இருக்கும்.”

அதிகாலை பஸ். ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மாமல்லபுரம் தாண்டித் தூங்கிப்போனேன். கண் விழித்தால் மரக்காணம் உப்பளம், வெயிலில் வெள்ளைக் குவியல்கள். என் சீட் போஸ்ட்டைப் பிடித்த பூதமே இதுதானே என்று முறைத்துக்கொண்டே போனேன். புதுச்சேரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே பெரிய முதலியார் சாவடியில் இறங்கி, மேற்கே திரும்பி நடந்தால் குயிலாப்பாளையம். ஆரோவில் 1968-ல் தொடங்கியது. அன்றிலிருந்து உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் இந்தச் செம்மண் பாதையில் சைக்கிள் மிதிக்கிறார்கள். சிலர் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். சைக்கிள் போகாது.

இரண்டு கடையில் “அதெல்லாம் இல்லப்பா.” மூன்றாவது, கீற்றுக் கொட்டகை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு ஐயா, பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். உடைந்த லீவரைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே கையைக் காட்டினார். பலகை முழுக்கப் பால் பவுடர் டின்கள். “கொட்டிப் பாரு. திரும்ப அதது அதுலயே போட்டுடணும்.”

முதல் டின்னிலேயே வழவழ காம்பு பிரேக் கட்டை. நான்கு ஜோடி! நாலாவது டின்னில்... லீவர்! ஒன்று, இரண்டு, ஐந்து லீவர்! கை நடுங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐந்தும் இடது கை.

யோசித்தால் நியாயம்தான். இடது லீவர் முன்னால் இருக்கிற மூன்று பல்சக்கரத்துக்கு மட்டும். எப்போதாவதுதான் தொடுவோம். அதில் கிளிக்கும் கிடையாது, தேயாது. வலது லீவர்தான் நாள் முழுக்க உழைத்துச் செத்துப்போவது. மிச்சம் இருப்பதெல்லாம் வேலை செய்யாத பக்கம்! டின்களை ஒழுங்காகத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்து, வாசலில் சாய்த்திருந்த சைக்கிள் மேல் கையை ஊன்றி நின்றேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

வலது கை லீவர். ஏழு கியர். ஐயாவின் சொந்த சைக்கிள்.

கேட்கவே கூச்சமாக இருந்தது. பரண், சித்தப்பா, போகி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் உருகவெல்லாம் இல்லை. “நான் எதை வச்சு ஓட்டறது?” என்றார். பையிலிருந்து அந்த பிளாஸ்டிக் ஷிஃப்டரை எடுத்தேன். பார்த்தார். “அறுநூறு ரூபா. பிரேக் கட்டை தனி. எஞ்சினீயரிங் படிக்கிறேங்கற, இதை நீயே என் வண்டியில மாட்டிக் கொடு.”

மத்தியானச் சாப்பாட்டுக் காசு அங்கேயே போனது. ரப்பர் கைப்பிடி கழலவில்லை. சோப்புத் தண்ணி விடச் சொன்னார், வழுக்கிக்கொண்டு வந்தது. கேபிளை இழுத்துக் கட்டினேன், மூன்றாவது கியரில் செயின் கரகரத்தது. “அரைச் சுத்து விடு.” விட்டேன். “அதிகம். கால் சுத்து பிடி.” ஒன்றரை மணி நேரம். கடைசியில் அவரே ஏறி, தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். “பரவால்ல” என்றார். அந்த செமஸ்டரில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

போகி அன்று காலை, தெருவில் மேளச் சத்தம், புகை. அப்பா பால்கனியிலிருந்து பார்க்க, பெரம்பூர் ரயில்வே ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் காயலான் கடைக்காரர் வந்தபோது அண்டாவை மட்டும் கொடுத்தார்.

பொங்கலுக்கு முந்தின ராத்திரி சித்தப்பா வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஹேண்டில் பார் மேல் கை போனது. கட்டைவிரலால் தள்ளினார். கிளிக். கிளிக். ஆறு வரை. திரும்பப் பின்னால் இழுத்தார், ஆறு.

“இது என்னோடது இல்லையே” என்றார்.

“ஆமா சித்தப்பா. உங்களுது கிடைக்கல. எப்படித் தெரிஞ்சுது?”

“என்னோடதுல கடைசிக் கிளிக் லேசா வழுக்கும். இதுல சுத்தமா விழுது.” இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். “காத்து ஏத்திருக்கியா?”

“ஏத்திருக்கேன்.”

பையை என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார்.